ஆயுத பூஜையில் நனைந்த கரி

டெல்லியில் இரும்பு உருக்கினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "டெல்லியிலா? அங்க ஃபைலைத்தானே உருட்டுவாங்க?" என்று என் சின்ன மாமனாரே கேட்டிருக்கிறார். கேட்டவர் ஆயுசு முழுக்க ஃபைல் உருட்டிப் பென்ஷன் வாங்கியவர். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

நான் உருக்கினேன் என்பதும் கொஞ்சம் ஜம்பப் பேச்சுதான். உருக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் உருக்கிய இரும்பை உடைத்து, கரைத்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கெமிஸ்ட் வேலைதான் எனக்கு. ஆனாலும் அந்த இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "நாங்கள் உருக்கினோம்" என்றுதான் வாயில் வருகிறது. வரட்டும். அவ்வளவு உரிமைகூட எனக்கு இல்லையா?

எழுபதுகளின் பிற்பகுதி அது. நஜஃப்கர் சாலையைத் தாண்டி, பெரிய நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரமாக, ஒரு அரசாங்கத் துறை சின்னதாக ஒரு ஊதுலையைக் கட்டி வைத்திருந்தது. ஊதுலை என்பது காகிதத்தில் உள்ள பெயர். வாயில் வந்ததெல்லாம் 'பர்னஸ்'தான். பெரிய இரும்பு ஆலைகளில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கைப் போட்டு எரிப்பார்கள். நாங்கள் போட்டது மரக்கரி. மரக்கரியை மட்டும் நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியுமா என்று பார்க்கிற சோதனை. இரண்டு மாடி உயரம் இருக்கும். மேலே அதன் வாயில் கரியும் இரும்புக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறிக் கொட்ட வேண்டும். கீழே சுற்றிலும் உள்ள குழாய்களில் சுடுகாற்றை ஊத வேண்டும். கல் உருகி அடியில் இரும்பாகத் தேங்கும். அடியிலுள்ள களிமண் அடைப்பைக் குத்தித் திறந்தால் மணலில் வெட்டிய பள்ளங்களில் ஓடிப் பாளம் பாளமாக உறையும்.

எடுத்த எடுப்பில் எனக்கு அதைப் பார்த்துப் பயம்தான். அப்புறம் பிடித்துப்போய்விட்டது. சுடுகாற்றுக் குழாயின் முனையில் நீலக் கண்ணாடி பதித்த ஒரு ஓட்டை உண்டு. அதில் கண் வைத்துப் பார்த்தால், காற்று படுகிற இடத்தில் கரித்துண்டுகள் வெள்ளை வெளேரென்று துள்ளும். பொரி வறுக்கிற சட்டிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், அலுத்ததே இல்லை.

பர்னஸுக்கு ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. ஏற்றினால் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே சூடு குறைந்து இரும்பு அடியில் உறைந்துவிட்டால், செங்கல்லும் இரும்பும் ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ளும். வெடி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். எங்கள் பர்னஸுக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. தலைமை அலுவலகத்தில் இருந்த பெரிய அதிகாரி, "ஒரு தரம் அணைந்தால் அணைந்ததுதான். மறுபடி ஏற்ற அனுமதி கேட்டு என்னிடம் வர வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் இன்ஜினீயர்.

இன்ஜினீயர் கோயம்புத்தூர்க்காரர். தார்வாளியைக்கூட "வாங்க போங்க" என்று மரியாதையாகப் பேசுவார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு கரோல் பாக்கில் ஒற்றை அறையில் இருந்தார். இருந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. குளிக்கத்தான் போவார். அந்த பர்னஸின் படத்தை வரைந்தது, செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்கியது, சோதனை வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது எல்லாம் அவர்தான். ஒரு மனுஷன் ஒரு அடுப்பின் மேல் இவ்வளவு ஆசை வைப்பானா என்று எனக்கு வியப்பாக இருக்கும். அது அணைந்தால் இந்த ஆள் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கரிக்கொட்டகைக்கு ஒரு அக்கா தலைவி. விழுப்புரம் பக்கம். நாலாவுக்கு அந்தப் பக்கத்து ஜுக்கிக் குடிசைகளில் இருந்த நம்ம ஊர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வருவாள். மூட்டைக் கரியைக் கொட்டி, சல்லடையில் சலித்து, தூளைக் கழித்து, பெரிய துண்டை உடைத்து ஒரே அளவாக்கிக் கூடையில் அள்ளித் தராசில் ஏற்றுவது அவர்கள் வேலை. அக்காவின் தொண்டை இருக்கிறதே, ஊதுகிற மெஷினையே மிஞ்சும். என்னைப் பார்த்தால் "இன்னா கெமிஸ்டு, இன்னிக்கு நம்ம இரும்புக்கு ஜொரமா, நல்லா கீதா?" என்பாள். நானும் விடமாட்டேன். "உன் கரி ஒழுங்கா இருந்தா அதுக்கு ஏன் ஜுரம் வருது?" என்பேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் இடத்தில் பாதிப்பேர் தமிழர்கள். ஆயுத பூஜை என்றால் சும்மாவா? ஆயுதத்தைக் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. பர்னஸோ நிற்கக் கூடாது. இதற்கு இன்ஜினீயர் ஒரு வழி கண்டுபிடித்தார். சல்லடை, கூடை, நல்ல மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் சாமிக்கு. பழைய மண்வெட்டிகள் மட்டும் பூஜையில் சேராமல் வெளியே நின்று பர்னஸுக்கு வேலை செய்யும். சாமிக்கும் கோபம் வராது, பர்னஸுக்கும் பசிக்காது. எல்லோரும் ஆஹா என்றோம். நான்தான் பலமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"தூசியோட ஆயுதத்த வெக்கறதாங்க? நல்லாக் கழுவி உடுங்க" என்றார் இன்ஜினீயர். கழுவினோம் பாருங்கள், அப்படி ஒரு கழுவல்! பைப்பைத் திறந்துவிட்டு தராசு, தள்ளுவண்டி, ஊதுகிற மெஷின் நின்ற மேடை, வார்க்கிற களத்தை ஒட்டிய தரை என்று ஒன்று விடவில்லை. வருஷம் முழுக்கப் படிந்த கரி கறுப்பு ஆறாக ஓடியது. களத்து மணலில் மட்டும் தண்ணீர் படக் கூடாது என்று இன்ஜினீயர் காவல் நின்றார். மணல் ஈரமாக இருந்தால் உருகிய இரும்பு வெடித்துத் தெறிக்கும். அதில் மனுஷன் படு உஷார். அத்தனை பேரும் மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பர்னஸுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம். கிட்டே போனால் கை வெந்துவிடும். நீளக் கம்பியின் நுனியில் சந்தனத்தை அப்பி எட்டி நின்று வைத்தாள். வைத்த மாத்திரத்தில் காய்ந்து உதிர்ந்தது. "ஏத்துக்கினு உதுத்துடுச்சு" என்றாள். பொரியும் கடலையும் சுண்டலும் கொடுத்தோம். மேலே கொட்டுகிற வேலையில் இருந்த ரோத்தக் பக்கத்து ஆட்கள் இரண்டாம் தரம் வந்து கை நீட்டினார்கள். அக்காவும் பெண்களும் பூ வைத்துக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள். சல்லடை சாமி முன்னால் இருந்ததால் அன்றைக்குச் சலிப்பு இல்லை. குவியலின் அடியிலிருந்து பழைய மண்வெட்டியால் நேராக அள்ளித் தராசில் கொட்டினார்கள்.

மறுநாள் தசரா. டெல்லி முழுக்க விடுமுறை. எனக்கு மட்டும் காலை ஷிப்ட். சோதனைக்கு எடுத்து வைத்திருந்த துண்டை உடைத்தேன். நல்ல இரும்பை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். இது வெள்ளையாக, கண்ணாடி மாதிரி பளபளத்தது. அடுப்பு குளிர்கிறது என்று அதற்கு அர்த்தம். கரைத்துப் பார்க்கக்கூட நிற்காமல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இன்ஜினீயர் நீலக் கண்ணாடியில் கண்ணை வைத்து நின்றார். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"பாருங்க அம்மணி" என்று விலகினார்.

பார்த்தேன். துள்ளல் போய்விட்டது. மங்கல் சிவப்பில், உருகாத கருங்கட்டிகள் நழுவி நழுவிப் போயின.

"காத்து செரியா இருக்குதுங்க. எடையும் செரியா இருக்குதுங்க. என்னன்னே புரியலைங்க" என்றார்.

அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி அக்கா வந்துவிட்டாள். பண்டிகைப் புடவையோடு நேரே கொட்டகைக்குள் போனவள், குவியலின் அடியில் கையை முழங்கை வரை விட்டாள். "ஐயையோ!" என்று ஒரு சத்தம். எடுத்த கையில் கறுப்புச் சேறு வழிந்தது.

கொட்டகைக்கு வெளியே இருந்த சாக்கடை வாயில் வாழைமட்டையும் சாமந்திப் பூவும் அடைத்துக் கிடந்தன. நாங்கள் கழுவிவிட்ட தண்ணீர் போக இடமில்லாமல், தாழ்வாக இருந்த கொட்டகைக்குள் திரும்பி, கரிக்கு அடியில் ஊறியிருந்தது. கரி நனைந்தாலும் கறுப்பு, காய்ந்தாலும் கறுப்பு. சலித்திருந்தால் சல்லடையில் ஒட்டிக் காட்டிக் கொடுத்திருக்கும். சல்லடையோ சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தராசு கரியோடு தண்ணீரையும் சேர்த்து நிறுத்து, சரி என்று சொல்லிவிட்டது. நேற்று முழுக்க பர்னஸுக்கு நாங்கள் போட்டது பாதிக் கரி, பாதித் தண்ணீர். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? ஊரில் எவனாவது அடுப்பைக் கும்பிடுகிறேன் என்று விறகை நனைப்பானா?

"நான்தானுங்க கழுவச் சொன்னேன்" என்றார் இன்ஜினீயர், யாரும் கேட்காமலே.

"நீ சொன்னே சார், கழுவினது நானு. அந்த மட்டய அங்க போட்டதும் எங்க பொண்ணுங்கதான்" என்றாள் அக்கா.

"இல்லீங்க, பொறுப்பு என்னுதுங்க."

"அட, இன்னா சார் நீ! கண்ணால பாத்துக்கினே தண்ணி வுட்டவ நானு..."

எனக்கு வந்ததே கோபம். "பழியை அப்புறமா பங்கு போட்டுக்குங்க! இப்போ கரிக்கு வழி சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான்.

அதற்கப்புறம் அந்த மனுஷனைப் பார்க்க வேண்டுமே. கலங்கியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. கல்லைக் குறை, கரியைக் கூட்டு, காற்றை இன்னும் சுட வை என்று மேலும் கீழும் ஓடினார். குவியலின் மேல்பக்கம் காய்ந்த கரி கொஞ்சம் இருந்தது. அது வெகுநேரம் தாங்காது. மேலே போடுகிறது அடிக்கு இறங்கிவர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை காய்ந்த கரி விடாமல் போய்க்கொண்டே இருந்தால்தான் அடுப்பு பிழைக்கும். கரி வாங்குகிற டிப்போவுக்கு ஆள் போய்த் திரும்பி வந்தான். பூட்டு. தசராவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள்.

கரி வேறு யாரிடம் இருக்கும் என்று யோசித்தபோது எனக்கு எங்கள் தெரு இஸ்திரிக்காரர் ஞாபகம் வந்தார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வேப்பமரத்தடிக்கு ஒரு இஸ்திரி மேஜை. ஒவ்வொருவரிடமும் பெட்டிக்குப் போடக் கரி மூட்டை இருக்கும். "தந்தூர் போடற தாபாலயும் இருக்கும்" என்றாள் அக்கா. லாரியை எடுத்துக்கொண்டு நானும் அவளும் கிளம்பினோம்.

முதலில் எங்கள் இஸ்திரிக்காரர். பண்டிகைச் சட்டையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "பாய் சாப், எங்க பட்டி, அதான் அடுப்பு, அணையப் போகுது, கரி வேணும். டிப்போ திறந்ததும் மூட்டைக்கு மூட்டை திருப்பித் தரேன். ஜல்தி!" என்று என் இந்தியில் மூச்சு வாங்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அணையப் போகிறது என்றது மட்டும் விளங்கியது. நெருப்பை வைத்துப் பிழைக்கிறவர் இல்லையா? மூட்டையைத் தூக்கி லாரியில் போட்டார். போட்டுவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். "அடுத்த தெருவில் என் மைத்துனன் இருக்கிறான், நீ கேட்டால் கொடுக்க மாட்டான்" என்றார்.

மைத்துனன், அவன் கூட்டாளி, மந்திர் மார்க் மூலையில் இருந்த கிழவர் என்று மூட்டைகள் ஏறின. ஆட்களும் ஏறினார்கள். தாபாக்காரர் ஒருவர் மட்டும் "இன்றைக்கு எனக்கே வியாபாரம்" என்று மறுத்தார். அக்கா அவரிடம் தமிழிலேயே சண்டை போட்டாள். என்ன பேசினாள் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். தெரியாததால் பயந்து பாதியைக் கொடுத்தார். ஒருவர் பாசத்தோடு கொண்டு வந்த நிலக்கரியை, கந்தகம் இருக்கும், இரும்பு கெட்டுவிடும் என்று நானே வேண்டாம் என்றேன்.

எங்கள் வீட்டிலும் குளிர்காலத்தில் மூட்டுகிற அங்கீட்டிக் கணப்புக்காக அம்மா ஒரு டின் நிறையக் கரி சேர்த்து வைத்திருந்தாள். பால்கனியிலிருந்து அதை நான் தூக்குவதைப் பார்த்து, "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? பண்டிகையும் அதுவுமா கரிய எங்கட்டீ தூக்கிட்டுப் போற?" என்று திருநெல்வேலிக் குரலில் கத்தினாள். வந்து சொல்கிறேன் என்று ஓடினேன். பின்னாலேயே வந்து, "இந்தா, இதயும் கொண்டு போ, கீழ கெடந்துச்சு" என்று ஒரு பை நிறையக் கரியை லாரிக்குள் வீசினாள். இதுதான் என் அம்மா.

திரும்பி வந்தால் கரிக்கொட்டகைக்கு முன்னால் பட்டுப் புடவைக் கூட்டம். அக்காவின் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பட்டு என்றால் பேருக்குப் பட்டுதான். தலையில் வைத்த பூவோடு, நனைந்த கரியை வெயிலில் பரப்பிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். புடவை வீணாகிறதே என்று ஒருத்தி முகத்திலும் இல்லை. சாமி முன்னால் இருந்த சல்லடைகளை எடுத்துவிட்டார்கள். "சாமி கோச்சுக்காதா?" என்று கேட்டேன். "கோச்சுக்கினா நாளைக்கு சமாதானம் பண்ணிக்கலாம். இது நாளைக்கு நிக்குமா?" என்றாள் ஒருத்தி.

சலித்தோம், நிறுத்தோம், ஏற்றினோம். இஸ்திரிக்காரர்கள் வீட்டுக்குத் திரும்பாமல் நின்று கூடை தூக்கினார்கள். வெயில் சாய்ந்தது. இன்ஜினீயர் நீலக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. குழாய் முனையில் உருகிய கல்லின் கசடு கட்டினால் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார்.

சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக்குள் மங்கல் சிவப்பின் நடுவில் ஒரு துண்டு வெள்ளையாகத் துள்ளியது. அப்புறம் இன்னொன்று.

"உசுரு இருக்குதுங்க" என்றார். "ஆனா அடியில தேங்கினது ஒறைஞ்சிருச்சான்னு தெரியலைங்க. தொறந்தாத்தான் தெரியும்."

திறக்கப் போனார்கள். கடப்பாரை இறங்கவில்லை. சம்மட்டியால் அடித்தார்கள், கல்லில் அடித்த மாதிரி துள்ளியது. ஆக்ஸிஜன் பீறிடுகிற இரும்புக் குழாயைக் கொண்டு வந்து முனையைக் கொளுத்தி ஓட்டைக்குள் விட்டார்கள். பொறி பறந்தது, ஒன்றும் வரவில்லை. குழாய் எரிந்து தீர்ந்து இன்னொரு குழாய் போனது. ஊருக்குள் ராவணனைக் கொளுத்துகிற வெடிச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்தது. இங்கே இஸ்திரிக்காரர்கள் சட்டையில் கரியோடு வரிசையாக நின்றார்கள். "ஆண்டவா, இந்த மனுஷனைக் கைவிட்டுடாதே" என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவது குழாய் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டையில் ஒரு கருஞ்சிவப்புக் கசிவு. கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து வந்து நின்றுவிட்டது. இன்ஜினீயர் கடப்பாரையைத் தானே வாங்கி ஒரு குத்து குத்தினார். கசடு குழம்பாகப் புரண்டு வந்தது. அதன் பின்னாலேயே, முதலில் நூலாக, அப்புறம் கயிறாக, அப்புறம் சளசளவென்று இரும்பு! களத்து மணலெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் இஸ்திரிக்காரர் "அரே வாஹ்! அரே வாஹ்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். வெள்ளை இரும்புதான், கெட்டிப் பிசாசு, எந்த வார்ப்படக் கடையும் வாங்காது. நான் சோதித்ததிலேயே மட்டமான இரும்பு அது. அவ்வளவு அழகான இரும்பை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

ஓட்டம் மெலிந்து, ஓட்டையில் வெறும் நெருப்பும் காற்றும் சீறியது. அடைக்க வேண்டிய களிமண் உருண்டை கம்பியின் நுனியில் தயாராக இன்ஜினீயர் கையில் இருந்தது. மனுஷன் அடைக்கவில்லை. கம்பியைக் கீழே நட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். கரிப் புடவைகளையும் இஸ்திரிக்காரர்களையும் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எல்லோரும் அழத் தயாராக நின்றோம்.

அக்கா மட்டும் கத்தினாள்:

"யோவ் சார்! எங்களக் கும்புட்டது போதும், ஓட்டைய அடை! நாளைக்கும் எரியணும்ல அது!"

அவர் கண்ணைத் துடைக்காமலே கம்பியை எடுத்து, திரும்பிப் போய் அடைத்தார். காற்றுச் சத்தம் உள்ளே அடங்கியது. மேலே அடுத்த கூடை ஏற ஆரம்பித்தது.